கெட்-க்கு 63 அர்த்தமும் மனப்பாடம் பண்ணணுமா டீச்சர்?

கேள்வி:

டீச்சர், எனக்கு ஊரு கருங்கல் பக்கம். பி.எஸ்சி நர்சிங் முடிச்சு நாலு வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரில வேலை பாக்கேன். யூகே போறதுக்காக ஓஇடி, அதான் நர்ஸ், டாக்டருங்களுக்கு வைக்கிற இங்கிலீஷ் பரீட்சை, எழுதினேன். ரீடிங், ஸ்பீக்கிங், ரைட்டிங் மூணும் கிடைச்சுட்டு, லிசனிங் மட்டும் 350 வேண்டிய இடத்துல 330-ல நின்னுட்டு. பிரச்சினையே இங்கிலீஷ்ல இந்த கெட் (get)-ங்கற ஒத்த வார்த்தைதான். பேஷண்ட் பேசும்போ ரெண்டு வரிக்கு ஒரு கெட் வருது, ஒவ்வொரு தடவையும் வேற வேற அர்த்தம், நான் யோசிச்சு முடிக்குமுன்ன ஆடியோ அடுத்த கேள்விக்கு போயிருது. நோட்டுல இதுவரை 63 அர்த்தம் எழுதி வச்சிருக்கேன். டியூட்டி முடிஞ்சு வந்து ராத்திரி படிக்கேன், காலைல பாதி மறந்து போவுது. மீதியையும் தேடி எழுதி மனப்பாடம் பண்ணணுமா? கெட் போட்டு பேசினா மார்க் குறையும்னு கூட படிக்கிற பிள்ளை சொல்லுது, அது உண்மையா? பிராக்டிஸ் ஆடியோல நான் தப்பு பண்ணின மூணு வரி இது: 'ஐ கெட் ஹெட்ஏக்ஸ், பட் ஐ ஹேவன்ட் காட் ஒன் நவ்'. 'ஐ காட் மை சுகர் செக்ட் லாஸ்ட் வீக்'. 'மம் கெட்ஸ் கன்ஃப்யூஸ்ட் இன் தி ஈவினிங்ஸ்'.

பதில்:

மக்களே, நீ-ன்னே கூப்பிடுதேன், தப்பா எடுக்காத, என் மூத்த பிள்ளைக்கும் உன் வயசுதான். நானும் நர்ஸா இருந்தவதான். இங்கிலாந்துல ஆறு வருஷம் வார்டுல நின்னுட்டு வந்து இப்ப மார்த்தாண்டத்துல உன்ன மாதிரி பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன், அதனால டியூட்டி முடிஞ்சு கால் வீங்கி வந்து உக்காந்து 63 அர்த்தம் படிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். முதல்ல அந்த நோட்ட மூடு. மீதிய தேட வேண்டாம். தேடினாலும் முடியாது, இங்கிலீஷ்ல இந்த சின்ன சின்ன வினைங்கதான் ரொம்ப பெருசு, ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட 1989 பதிப்புல செட்-ங்கற வினைக்கு மட்டும் 430 அர்த்தம் கிட்ட இருந்துது, அதுதான் அப்ப உள்ளதுலயே நீளமான பதிவு, பிறகு திருத்தி எழுதும்போ ரன் அதையும் தாண்டி 645-க்கு போயிட்டு. கெட்டும் அந்த குடும்பம்தான். அங்க பிறந்து வளந்த ஒரு பாட்டிக்கு கூட இந்த பட்டியல்ல பத்து சொல்லத் தெரியாது, ஆனா ஒரு தடவை கூட தப்பா பேச மாட்டாங்க. அப்போ அவங்க மண்டைக்குள்ள இருக்கது பட்டியல் இல்ல, வேற ஏதோ ஒண்ணு, அதத்தான் நாம பிடிக்கணும்.

அந்த வேற ஒண்ணு உங்கிட்டயும் இருக்கு, தமிழ்ல இருக்கு. ஒரு நாள் டியூட்டில எடு-ங்கற வார்த்தைய நீ எத்தனை தடவை சொல்லுதன்னு எண்ணிப் பாரு. ரெண்டாம் பெட்டுக்கு ரத்தம் எடுக்கணும், அஞ்சாம் பெட்டு சத்தி எடுக்கு, லேபர் ரூம்ல வலி எடுத்துட்டு, எக்ஸ்ரே எடுத்தாச்சா, பாட்டிக்கு பசி எடுக்குதாம், பல்லு எடுக்கணும், நாளைக்கு நான் லீவு எடுக்கேன், அந்த புது சிஸ்டர் நல்ல பேரு எடுத்துட்டா. எட்டு எடு, எட்டு அர்த்தம். இதுல ஒண்ணுக்காவது நீ நின்னு யோசிச்சிருப்பியா? எங்க வார்டுல வடக்க இருந்து வந்த ஒரு சிஸ்டர் தமிழ் படிச்சுட்டு இருந்தப்ப 'வலி எடுக்கு'ன்னு ஒரு கர்ப்பிணி சொன்னத, வலிய யாரோ எடுத்துட்டாங்க, வலி குறைஞ்சுட்டுன்னு புரிஞ்சுகிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, எடுன்னா டேக்-னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, அவங்க எடு-வையே பாத்துட்டு நின்னாங்க, நீ எடு-வுக்கு முன்னாடி என்ன நிக்குதுன்னு பாக்க. பசி நின்னா ஒண்ணு, ரத்தம் நின்னா ஒண்ணு, பேரு நின்னா வேற ஒண்ணு.

தமிழ்ல வினை கடைசில வரும், அதனால அதுக்கு அர்த்தம் குடுக்கிற ஆளு அதுக்கு இடது பக்கம் நிப்பாரு. இங்கிலீஷ்ல வினை முன்னாடியே வந்துரும், அர்த்தம் குடுக்கிறவரு வலது பக்கம் நிப்பாரு. நான் பத்து வருஷமா வகுப்புல சொல்லுதது இந்த ஒண்ணுதான்: தமிழுக்கு இடது பக்கம் பாக்க பழகின காது, இங்கிலீஷ்ல வலது பக்கம் பாக்கணும். நீ கெட் காதுல விழுந்த உடனே அதுலயே நின்னு, இது எந்த கெட்டுன்னு 63-ல தேடிட்டு இருக்க, அந்த நேரத்துல அடுத்து வர்ற வார்த்தை, அதாவது அர்த்தமே, உன்ன தாண்டி போயிருது. கெட் கேட்டா நிக்காத. அது வெறும் கைகாட்டி. அடுத்த வார்த்தைக்கு காத கொண்டு போ.

ஆனா கைகாட்டிக்கும் ஒரு குணம் உண்டு, அது எப்பவும் ஒரே மாதிரிதான் காட்டும். அதுக்கு நம்ம ஊரு வார்த்தையே இருக்கு. மெட்ராஸ்காரங்க 'கிடைச்சுதா'ன்னு கேக்கத நாம 'கிட்டிச்சா'ன்னுதான கேப்போம், வேலை கிட்டிட்டா, பஸ்சு கிட்டல்ல, ரேஷன்ல அரிசி கிட்டிச்சு. இது ஏதோ மலையாளம் கலந்த கொச்சைன்னு வெளியூர்ல படிக்கும்போ சில பேரு நம்ம பிள்ளைங்கள சொல்லுவாங்க, அந்த பேச்ச நம்பாத, ஔவையாரு கொன்றை வேந்தன்ல 'கிட்டாதாயின் வெட்டென மற'ன்னு பாடினது இதே கிட்டுதான். இந்த கிட்டு-வுக்கு ரெண்டு முகம் உண்டு. ஒண்ணு, கைக்கு வந்து சேருதது. இன்னொண்ணு, பக்கத்துல போறது, கிட்ட வா, கிட்டத்துல, உனக்கு தெரிஞ்ச கிட்டப்பார்வை எல்லாம் அந்த முகம். இப்ப கெட்-ட பாரு. அது இங்கிலீஷ்காரங்களுக்கே வடக்கு கடல் தாண்டி வந்த நார்ஸ் மொழி குடுத்த வார்த்தை, கெட்டா-ன்னு இருந்தது, 1200 வாக்குல இங்கிலீஷ்ல எழுத்துக்கு வந்துட்டு. அதுக்கும் அர்த்தம் அடையுதது, எட்டுதது. ஒரு பொருள் நம்மகிட்ட வந்து சேந்தாலும் கெட், நாம ஒரு இடத்துக்கு போய் சேந்தாலும் கெட், ஒரு நிலைமைக்கு போய் சேந்தாலும் கெட். முன்ன இல்ல, இப்ப வந்துட்டு, இந்த மாற்றம்தான் அது காட்டுதது. ஃபர்கெட்-ல உள்ள கெட்டும் இதே சொந்தக்காரன்தான், கிட்டினத கைவிட்டுட்டா மறதி.

மாற்றம்னு சொன்னேன்ல, இத விட்டுராத, உன் முதல் வரில மார்க் போனது இங்கதான். ஹேவ்-னா இருக்கு. கெட்-னா வருது. 'ஐ கெட் ஹெட்ஏக்ஸ்'னு பேஷண்ட் சொன்னா தலைவலி அப்பப்ப வந்து வந்து போகும்னு அர்த்தம், இப்ப இருக்குன்னு அர்த்தமே இல்ல. 'ஐ ஹேவ் காட் எ ஹெட்ஏக்'னா இப்ப இந்த நிமிஷம் இருக்கு. காட்-னு கேட்டதும் நம்ம பிள்ளைங்க இறந்தகாலம்னு நினைச்சு 'தலைவலி இருந்துது'ன்னு எழுதிடுதாங்க. ஐவ் காட் டயபெட்டிஸ்-னா சர்க்கரை இருக்கு, இருந்துது இல்ல. பேசும்போ அந்த ஹேவ் தேஞ்சு ஒரு மெல்லிசா 'வ்' மட்டும்தான் கேக்கும், சில சமயம் அதுவும் கேக்காது, அப்ப பக்கத்து வாக்கியத்த வச்சுத்தான் முடிவு பண்ணணும். உன் வரில அந்த பேஷண்ட் ரொம்ப தெளிவா சொல்லியிருக்காரு, தலைவலி அப்பப்ப வரும், ஆனா இப்ப இல்லன்னு. ஆஸ்பத்திரில இது எவ்வளவு முக்கியம்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம். 'ஐ கெட் செஸ்ட் பெயின்'னு சொல்லுத ஆளுகிட்ட எப்பப்ப வரும், நடந்தா வருதா, எவ்வளவு நேரம் இருக்கும்னு கேப்ப. 'ஐவ் காட் செஸ்ட் பெயின்'னு சொல்லுத ஆளுக்கு உடனே ஈசிஜி மெஷினுக்கு ஓடுவ.

வலது பக்கம் பாக்காம விட்டா என்ன ஆகும்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்ட ஒண்ணு சொல்லுதேன். அங்க போன முதல் வருஷம், நைட் டியூட்டி, மணி மூணு இருக்கும், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன எண்பது வயசு பாட்டி ஒருத்தங்க என் கைய பிடிச்சு 'ஐவ் காட் டு கோ, லவ்'ன்னாங்க. எனக்கு கோ-ங்கறது வீட்டுக்கு போறதாத்தான் பட்டுது. காலைல டாக்டர் வருவாங்க, அவங்க சொன்ன பிறகு போலாம்னு மெதுவா சொல்லி போர்வைய இழுத்து விட்டுட்டு அடுத்த பெட்டுக்கு போயிட்டேன். திரும்பி வந்தா பெட்டு நனைஞ்சு கிடக்கு, அவங்க முகத்த சுவர் பக்கம் திருப்பிகிட்டு சத்தமில்லாம அழுதுட்டு இருந்தாங்க. பாத்ரூம் போகணும்னு சொல்லியிருக்காங்க. ஐவ் காட் டு-க்கு அடுத்து ஒரு வினை வந்தா 'செஞ்சே ஆகணும், செஞ்சே தீரணும்'னு அர்த்தம், அதுல அவசரம் இருக்கு, நாளைக்கு வீட்டுக்கு போறதுக்கு யாரும் ராத்திரி மூணு மணிக்கு அப்படி சொல்ல மாட்டாங்க. ஷீட் மாத்தி, துடைச்சு, உடுப்பு மாத்தி விடும்போ அவங்க என்கிட்ட 'சாரி'ன்னாங்க. அவங்க சாரி கேட்டது எனக்கு இன்னைக்கும் ஆறல. அதனாலதான் உனக்கு இவ்வளவு நீளமா எழுதுதேன், 350 மார்க் ஒரு பக்கம், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டும் ஒரு மனுஷியும் இருக்காங்க.

இப்ப கவனி, காட் டு-க்கு அடுத்து வினை வராம இடம் வந்தா அர்த்தம் மாறிரும், போய் சேந்தாச்சு. இதுக்கு ஒரு உதாரணம் நான் வகுப்புல எப்பவும் சொல்லுதது நம்ம நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா சர்ஜனா இருந்த டாக்டர் சோமர்வெல்ல. அவரு 1922-லயும் 1924-லயும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவுல இருந்தவரு, உங்க வீட்டுல வயசான யாராவது இருந்தா பேரு கேட்டுருப்பாங்க. 1924-ல ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாம 28,000 அடி கிட்டத்துல வரை ஏறிட்டாரு, 'ஹி காட் டு அபவுட் 28,000 ஃபீட்', போய் சேந்தாரு. உச்சிக்கு போக முடியல, 'ஹி குடன்ட் கெட் டு தி டாப்'. இறங்கி வரும்போ குளிர்ல தொண்டை சவ்வு உரிஞ்சு உள்ள அடைச்சுகிட்டு, 'சம்திங் காட் ஸ்டக் இன் ஹிஸ் த்ரோட்', சிக்கிகிட்டு. மூச்சு வரல, 'ஹி குடன்ட் கெட் ஹிஸ் பிரெத்'. சாகப் போறோம்னு பனியில உக்காந்தவரு கடைசியா ரெண்டு கையாலயும் நெஞ்ச அமுக்கி பலமா இருமினாரு, அடைப்பு வெளிய வந்துட்டு, 'ஹி காட் இட் அவுட்'. இறங்கி வந்து சேந்தாரு, 'ஹி காட் டவுன்'. ஒரே ஆளு, ஒரே நாளு, ஆறு கெட். நீ இத வாசிக்கும்போ எந்த கெட்டுக்காவது பட்டியல தேடினியா? 28,000 அடின்னு வந்ததும் சேந்தாருன்னு தெரிஞ்சுட்டு, ஸ்டக்-னு வந்ததும் சிக்கிட்டுன்னு தெரிஞ்சுட்டு. ஹிஸ் பிரெத்-னு வந்ததும் அது ஒரு மூச்சுத்திணறல் கேஸ், ஆடியோல பேஷண்ட் 'ஐ காண்ட் கெட் மை பிரெத்'ன்னா நோட்டுல எழுத வேண்டியது அதுதான்.

இன்னொரு டு இருக்கு, சின்னதுதான், ஆனா குழப்பும். 'ஐ டோன்ட் கெட் டு சீ மை கிராண்ட்சில்ட்ரன்'. இது கட்டாயம் இல்ல, வாய்ப்பு. பேரப்பிள்ளைங்கள பாக்க கிட்டல்லன்னு நம்ம ஊருலயே சொல்லுவோம்ல, அதே.

உன் ரெண்டாவது வரிக்கு வாரேன், 'ஐ காட் மை சுகர் செக்ட்'. இதுல நீ மட்டுமில்ல, நம்ம ஊரு பிள்ளைங்க எல்லாரும் விழுவாங்க, காரணம் தமிழ்தான். நாம 'முடி வெட்டிட்டு வந்தேன்'னு சொல்லுவோம், வெட்டினது பார்பர். 'வீடு கட்டினேன்'னு சொல்லுவோம், கட்டினது கொத்தனாரு. யாரு செஞ்சாங்கன்னு தமிழ் இங்க கணக்கு பாக்காது, இங்கிலீஷ் பாக்கும். 'ஐ செக்ட் மை சுகர்'னா அவரே வீட்டுல குளுக்கோமீட்டர்ல விரல குத்தி பாத்தாரு. 'ஐ காட் மை சுகர் செக்ட்'னா வேற யாரோ, லேப்லயோ கிளினிக்லயோ பாத்துக் குடுத்தாங்க. கெட்டுக்கு அடுத்து ஒரு பொருள், அதுக்கு அடுத்து செக்ட், டன், ஃபிக்ஸ்ட் மாதிரி ஒண்ணு வந்தா, செய்ய வச்சாங்கன்னு அர்த்தம். நீ 'ஹோம் மானிட்டரிங்'னு எழுதியிருப்ப, சரிதான? அந்த ஒரு கட்டத்த வாசிக்கிற அடுத்த நர்ஸ் இவருகிட்ட மீட்டர் இருக்குன்னு நினைச்சு அத பத்தி சொல்லிக் குடுக்காம விட்டுருவாங்க.

பொருள் இல்லாம நேரா ஹர்ட், பர்ன்ட், பிட்டன்-னு வந்தா அது நம்ம படு. அடிபட்டுது, சூடுபட்டுது. 'ஐ காட் பிட்டன் பை எ டாக்', நாய் கடிச்சுட்டு. பெரும்பாலும் வேண்டாத சம்பவம்தான் இப்படி வரும், மேரீட், ப்ரமோட்டட் மாதிரி நல்லதும் வரும். இதுல நீ தடுமாற மாட்ட, விட்டுருவோம்.

இனி ஒட்டுவால் வைக்கிற கெட்டு. அப், ஓவர், ஆன், பை, த்ரூ, அரவுண்ட் எல்லாம். இதத்தான் எல்லாரும் பெரிய பட்டியலா குடுப்பாங்க, உன் 63-ல பாதி இதுவாத்தான் இருக்கும். இத அர்த்தம் எழுதி படிச்சா நிக்காது. ஒவ்வொண்ணையும் ஒரு பேஷண்டோட சேத்து வையி. கெட் அரவுண்ட்-க்கு நீ பாத்த ஒரு வாக்கர் தாத்தாவ நினைச்சுக்க, 'ஹவ் டு யூ கெட் அரவுண்ட் அட் ஹோம்?', வீட்டுக்குள்ள எப்படி நடமாடுதீங்க. கெட் ஓவர்-க்கு, ஃப்ளூ வந்து தேறின ஒருத்தர், கூடவே புருஷன் செத்து ரெண்டு வருஷமா அந்த துக்கத்துல இருந்து மீளாத ஒருத்தங்க, ரெண்டும் தாண்டி வர்றதுதான். கெட் பை-க்கு, பென்ஷன் காசுல எப்படியோ ஓட்டுத ஒருத்தர். கெட் ஆன் மட்டும் கொஞ்சம் கஷ்டம், பஸ்ல ஏறினாலும் கெட் ஆன், மருமகளோட ஒத்துப் போனாலும் கெட் ஆன், 'ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன் வித் தி நியூ டேப்லெட்ஸ்'னா மாத்திரை எப்படி இருக்கு, ஒத்துக்கிடுதான்னு கேக்கது, 'ஐயம் கெட்டிங் ஆன் எ பிட்'னு ஒரு தாத்தா சொன்னா வயசாகிட்டே போகுதுன்னு அர்த்தம். இங்கயும் ஆன்-லயே நிக்காத, இன்னும் ஒரு எட்டு வலது பக்கம் போ, பஸ் இருக்கா, மருமக இருக்காளா, மாத்திரை இருக்கா, ஒண்ணுமே இல்லாம வாக்கியம் முடிஞ்சுட்டா.

கெட் அப்-ப வேக் அப்-போட போட்டு குழப்பாத. வேக் அப் கண்ணு முழிக்கிறது, கெட் அப் படுக்கைய விட்டு எழும்புதது. மூணு மணிக்கு முழிச்சுட்டு ஏழு மணி வரை எழும்பாம கிடக்கேன்னு ஒருத்தர் சொன்னா அது தூக்கம் மட்டுமில்ல, மனசு சம்பந்தப்பட்டதாவும் இருக்கலாம்னு உனக்கு தெரியும். அதே மாதிரி 'ஹவ் மெனி டைம்ஸ் டு யூ கெட் அப் இன் தி நைட்?'னு ஒரு வயசான ஆம்பிளகிட்ட டாக்டர் கேட்டா அது ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எழும்புதீங்கன்னு கேக்கது.

போன மாசம் வகுப்புல ரோல் பிளே நடந்துட்டு இருந்துது, நான் பேஷண்ட், எதிர்ல குழித்துறை பக்கத்துல இருந்து வர்ற ஒரு பிள்ளை நர்ஸ். நான் 'தேர் இஸ் சம்திங் ஐ நீட் டு கெட் ஆஃப் மை செஸ்ட்'னு சொன்னேன். அது உடனே முன்னால குனிஞ்சு, எப்ப இருந்து வலி, பத்துக்கு எத்தனை, கைக்கு பரவுதான்னு கேட்டுட்டு. கேட்ட கேள்வி அத்தனையும் நல்ல கேள்வி, நெஞ்சு வலிக்கு. ஆனா அந்த வாக்கியம் மனசுல உள்ளத யாருகிட்டயாவது கொட்டணும்னு அர்த்தம், நெஞ்சுல உள்ள பாரத்த இறக்கி வைக்கணும்னு நாமளே சொல்லுவோம்ல, அச்சா அதுதான். இங்க வலது பக்கத்துல செஸ்ட்-ங்கற வார்த்தை மட்டும் கேட்டா போதாது, ஆஃப்-உம் கேக்கணும், வலிய யாரும் நெஞ்சுல இருந்து இறக்கணும்னு சொல்ல மாட்டாங்க. அப்படி சந்தேகம் வந்தா என்ன செய்யணும்னா, திருப்பிக் கேக்கணும். ஸ்பீக்கிங்ல நிறைய பேரு திருப்பிக் கேட்டா மார்க் போகும்னு பயப்படுதாங்க. பேஷண்ட் சொன்னத சரிதானான்னு உறுதிப்படுத்திக்கிறதும் அங்க மார்க் போடுத விஷயத்துல ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி நான் 'டு யூ நீட் தி டாய்லெட்?'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்.

கெட் போட்டா மார்க் குறையுமான்னு கேட்டிருந்தல்ல. பேசும்போ குறையாது, தாராளமா போடு, 'வென் டிட் யூ கெட் தி ரேஷ்?', 'ஆர் யூ கெட்டிங் எனி பெயின்?'னு நர்ஸ் கேட்டாத்தான் அது மனுஷங்க பேசுத பேச்சு. டாக்டருக்கு எழுதுத ரெஃபரல் லெட்டர்லதான் அது பொருந்தாது. ஆடியோல 'ஐ காட் சம் டேப்லெட்ஸ் ஃப்ரம் மை ஜிபி, தென் ஐ காட் எ ரேஷ், அண்ட் இட்ஸ் கெட்டிங் வொர்ஸ்'னு வரும், ஜிபி-ன்னா அங்க உள்ள குடும்ப டாக்டர். லெட்டர்ல முதல் கெட்டுக்கு வாஸ் ப்ரிஸ்க்ரைப்ட், ரெண்டாவதுக்கு டெவலப்ட், மூணாவதுக்கு ஹேஸ் வொர்சன்ட். இத பயிற்சியாவே செய்யலாம், பேஷண்ட் பேசின கெட்-ட லெட்டர் வார்த்தையா மாத்துதது. மாத்த முடிஞ்சுட்டுன்னா உனக்கு புரிஞ்சுட்டுன்னு அர்த்தம், தமிழ்ல அர்த்தம் எழுதி பாக்கதவிட இது நல்ல சோதனை.

சத்தத்த பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா சில சமயம் உனக்கு அர்த்தம் தெரியாம இல்ல, வார்த்தையே காதுல விழல. கெட் தனியா உச்சரிச்சா தெளிவா கேக்கும். கெட் அப் சேந்தா கெட்டப், காட் டு சேந்தா காட்டா, கெட் இட்-ட ஆஸ்திரேலியாக்காரங்க கெடிட்-னு உருட்டுவாங்க, லண்டன் பக்கம் சில பேரு அந்த ட்-ட முழுங்கிட்டு தொண்டையிலயே நிறுத்திடுவாங்க. ஓஇடி-ல பிரிட்டிஷும் வரும் ஆஸ்திரேலியனும் வரும். அதனால கெட்-ட தனியா எழுதி வாசிக்காம, ஒட்டின மாதிரியே வாயால சொல்லிப் பழகு. உன் வாயில ஒட்டினா உன் காதுலயும் ஒட்டும்.

லிசனிங் பாகம் ஏ-ல ரெண்டு உரையாடல், விடை எழுத 24 கட்டம், ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். அந்த கட்டத்துக்குள்ள என்ன எழுதச் சொல்லுதாங்கன்னு பழைய பிராக்டிஸ் பேப்பர் நாலு எடுத்து பாரு. டிஸி, ரேஷ், ப்ரெத்லெஸ், வீக்லி, ஸ்டெப்ஸ், இப்படித்தான் இருக்கும். கெட்-ங்கற வார்த்தைய கட்டத்துல எழுதச் சொல்லி நான் ஒரு தடவை கூட பாத்ததில்ல. அதுக்கு வலது பக்கம் நிக்கிற வார்த்தைதான் பெரும்பாலும் விடை. நீ கெட்டுல நின்னுட்டு இருந்த அந்த ரெண்டு செகண்டுல விடை உன் பக்கத்துல வந்துட்டு போயிருக்கு.

அதனால நோட்ட இனி இப்படி பயன்படுத்து. டியூட்டில பேஷண்ட் தமிழ்ல சொல்லுதத காதுல வாங்கிக்க, எழும்பினா தலை கறங்குது, படுத்தா மூச்சு முட்டுது, ராத்திரி உறக்கம் வரல, மாத்திரை போட்டதுல இருந்து வயித்தால போவுது. பஸ்ல கருங்கல் போய் இறங்குமுன்ன அதுல அஞ்ச கெட் போட்டு மனசுக்குள்ள சொல்லிப் பாரு. 'ஐ கெட் டிஸி வென் ஐ கெட் அப்'. 'ஐ கெட் பிரெத்லெஸ் வென் ஐ லை டவுன்'. 'ஐ காண்ட் கெட் டு ஸ்லீப்'. வீட்டுக்கு வந்து எழுது, கெட்-ட சாதாரண பேனால, அதுக்கு வலது பக்கம் உள்ளத சிவப்புல. தமிழ்ல அர்த்தம் எழுதாத. ஒரு மாசம் போனா நூத்தம்பது வாக்கியம் இருக்கும், எல்லாம் நீ கண்ணால பாத்த ஆளுங்க சொன்னது, அதுல ஒண்ணு கூட மறக்காது. கூடவே தினம் ஒரு ஆடியோ, ஒரே தடவை மட்டும் ஓட விட்டு கேளு, நிறுத்தி நிறுத்தி கேக்கிற பழக்கம் பரீட்சைல உதவாது. பரீட்சை தேதிய அவசரப்பட்டு போடாத, அந்த ஃபீஸ் நம்ம சம்பளத்துல சின்ன காசு இல்ல, பிராக்டிஸ்ல பாகம் ஏ-ல தொடர்ந்து 20-க்கு மேல வந்த பிறகு கட்டு.

உன் மூணாவது வரி இன்னும் இருக்கு. 'மம் கெட்ஸ் கன்ஃப்யூஸ்ட் இன் தி ஈவினிங்ஸ்'. நீ கன்ஃப்யூஸ்ட்-னு மட்டும் எழுதியிருப்ப, அம்மாவுக்கு குழப்பம் இருக்குன்னு. மகள் சொன்னது அது இல்ல. இஸ் இல்ல, கெட்ஸ், அதாவது பகல்ல நல்லா இருக்காங்க, ஆளு தெரியுது, பேச்சு சரியா இருக்கு, பொழுது சாயும்போ மாறுதாங்க, அது தினமும் நடக்குது. மறதி நோய் உள்ள வயசானவங்க சாயங்காலமானா 'எங்க வீட்டுக்கு கூட்டிட்டு போ'ன்னு சொந்த வீட்டு வாசல்ல நின்னு அழுதத நீயும் பாத்திருப்ப. அந்த மகள் அதத்தான் டாக்டருகிட்ட சொல்ல வந்திருக்கா, அவ சொன்ன விஷயம் கடைசி வார்த்தைலதான் இருக்கு. கன்ஃப்யூஸ்ட்-உம் எழுதணும், ஈவினிங்ஸ்-உம் எழுதணும்.